கரி வண்டிக்குப் பார்த்த ரோடு

யுத்த காலத்தில் தென்காசியில் ஒரு பஸ் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தேன். வயது இருபத்தாறு. பெட்ரோல் கிடைக்காமல் போனதால், பஸ்களைக் கரி வாயுவில் ஓட்டுவதென்று முதலாளி முடிவு செய்தார். வண்டியின் பின்னால் இரும்பு உலை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்தால், வருகிற வாயுவில் எஞ்சின் ஓடும். டிரைவர்களிடம் சொல்லும் வேலை எனக்கு.

இரண்டு பேர் கத்தித் தீர்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் வண்டியை ஓட்டியவர் வேறு மாதிரி. இலஞ்சிக்காரர், ஐம்பதை நெருங்கியவர், அதிர்ந்து பேசமாட்டார். நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்க்காமல் ஒருநாளும் வண்டியில் ஏறியதில்லை. அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். யுத்தம், சர்க்கார் உத்தரவு, மதுரைப் பக்கம் ஓடும் கரி வண்டிகள் என்று ஒன்று விடவில்லை. துணியில் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து ஓட்டணும் அண்ணாச்சி."

"சரி தம்பி."

மறுநாள் அவர் வரவில்லை. சரி என்றவர் ஏன் வரவில்லை? கோபமா? நான் ஏதாவது மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனா? முதலாளி, "வேற ஆளைப் பாரும்" என்றார். மனம் கேளாமல் சைக்கிளில் இலஞ்சிக்குப் போனேன். அவர் மனைவி வாசலுக்கு வந்து, "வேலைக்குன்னு விடியமுன்னமே போயிட்டாவளே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் வண்டி போகும் வழியிலேயே தேடிக்கொண்டு போனேன். குற்றாலம் தாண்டிச் செங்கோட்டை ரோட்டில், சாரலில் குடை பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருந்தார்.

"இங்கன என்ன செய்யுதிய அண்ணாச்சி?"

"ரோட்டைப் பாக்கேன்."

"இருபது வருஷமா ஓட்டுத ரோடுதான?"

"அது பெட்ரோல் வண்டிக்குப் பாத்தது. கரி வண்டிக்குப் பாக்கலையே." குடையால் மேட்டைக் காட்டினார். "இந்த ஏத்தத்துல இழுக்காது. முந்தியே அந்த மரத்துகிட்ட நிறுத்தி, ஆளுகளை எறக்கிட்டு உலையைக் கிளறிவிடணும். பிள்ளைத்தாச்சி யாராவது வந்தா, மழையில ஒதுங்கி நிக்கணும்லா?"

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து எனக்கே தெரியாதே தம்பி. நடந்து பாத்த பொறவுதான தெரியுது."

"அப்ப வண்டி எடுப்பியளா?"

"எடுக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

அதற்கு மறுநாள் வந்தார். கிளம்புமுன் வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பிரயாணிகளிடம் சொன்னார். சொன்ன மரத்தடியில் நிறுத்தினார். எல்லோரும் முணுமுணுக்காமல் இறங்கி நின்றார்கள். மற்ற இரண்டு வண்டிகளும் நினைத்த இடத்தில் நின்றன; பிரயாணிகள் போட்ட சண்டையெல்லாம் என் மேஜைக்கு வந்தது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பியது. இந்தத் தடவை அவரை எப்படி நடத்துவதென்று தெரியும் என்று நினைத்தேன். ஒரு வாரம் முன்னதாகவே, இரண்டே வார்த்தையில் சொல்லி, ரோட்டைப் பார்க்க இரண்டு நாள் லீவும் தந்தேன். எனக்குக் காய்ச்சலோ என்பதுபோல் பார்த்தார்.

"பழைய பெட்ரோல்தான தம்பி? இதுக்கு எதுக்கு லீவு?"

ஆனால் உலையைக் கழற்ற மட்டும் விடவில்லை. "பெட்ரோல் மறுபடி நின்னுட்டா? கெடக்கட்டும்" என்றார். பல மாதம் அந்த வண்டி நெருப்பில்லாத உலையைச் சுமந்துகொண்டே ஓடியது. ஏன் என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் நான் வேறு ஏதோ பேசி நழுவினேன்.