அடுத்த பாட்டு

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு நாங்கள் சொல்வதெல்லாம் புரிந்தது, பதில்தான் வரவில்லை. பழைய பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள், பேச்சு போனவர்களுக்கும் சில நேரம் பாட்டு வரும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர்.

நான் மென்பொருள் சோதிப்பவள். வரிசைப்படுத்தாமல் எதையும் தொடங்கத் தெரியாது. அப்பாவின் இளமைக்கால ஹிட் பாடல்களைத் தேடி, ஆண்டு, படம், பாடியவர் என்று பிரித்து, பத்தாண்டுக்கு ஒரு தொகுப்பாகப் போனில் ஏற்றினேன். வேங்கிக்கால் வீட்டில் ஒரு வாரம் அவை ஓடின. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தோடு தெருவில் போகிற பாட்டைக் கேட்பதுபோல அப்பா மரியாதையாகக் கேட்டார். உதடு அசையவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அது முடிஞ்சா இது வராதுடி."

"ரெண்டும் ஒரே வருஷம்மா. ரெண்டுமே பெரிய ஹிட்."

"வருஷம் யாருக்குத் தெரியும்? மழைப் பாட்டு முடிஞ்சா ரயில் பாட்டு. அப்புறம் ஒரு டூயட்டு. அது பாதில இருக்கும்போதே கேசட் தீந்துடும்."

சின்னக்கடைத் தெருவில் அப்பா தையல் கடை வைத்திருந்தபோது அம்மா அங்கே பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். கடையில் இருந்தவை நாலைந்து கேசட்டுகள், பிடித்த பாட்டுகளைச் சொல்லிப் பதிந்து வாங்கியவை. நாள் முழுக்க அவையே திரும்பத் திரும்ப ஓடும். ஊரே கொண்டாடிய பாட்டாக இருந்தாலும், அந்தக் கேசட்டுகளில் இல்லையென்றால் அவர்களுக்கு அது பக்கத்துக் கடைச் சத்தம்தான்.

அம்மா சொல்லச் சொல்ல வரிசையை மாற்றினேன். டூயட்டைக்கூடப் பாதியில் வெட்டினேன்.

மழைப் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் இருந்த சிறு இடைவெளியில், ரயில் பாட்டின் முதல் வரியை அப்பா எடுத்தார். குழறல்தான், ஆனால் சொல்லோடு.

"பொண்டாட்டி பேரு வரல, பாட்டு மட்டும் வருதா உங்களுக்கு?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார்.

பாட்டு வந்தால் பேச்சு வந்ததாகாது. தண்ணீர் வேண்டுமென்றால் அவர் இன்னும் சொம்பைத்தான் காட்டினார். அதனால் பாட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன், அந்த அமைதியில் வேறு ஏதாவது வராதா என்று. ஒவ்வொரு முறையும் அடுத்த பாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டுக் காத்திருப்பார்.

ஒரு நாள் இடைவெளி ரொம்ப நீண்டுவிட்டது. அப்பா பாடி முடித்துவிட்டுப் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"போடு" என்றார்.

அது பாட்டின் சொல் அல்ல. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் விரல் போன் மேல்தான் இருந்தது. உடனே போடவில்லை.