ராக்கேரா எண்ணிய வாளிகள்

ராக்கேராவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒன்பது வருடம் பட்ட அவஸ்தையைச் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் "ரொட்டி இன்னிக்குப் போட்டதா, தேபோரா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரமாக நிற்கும் இவள், "முந்தாநேத்துப் போட்டது" என்பாள். இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்து பாருங்கள், தெரியும்.

அவள் அபெமாமா தீவுக்காரி. பதினாறு வயதில் படகேறி தலைநகர்த் தீவான தராவாவுக்கு வந்து, எங்கள் ஊரான இந்தப் பேசியோவில் இறங்கினாள். சூரைமீன் வெட்டும் ஆலையில் ஆறு வருடம் நின்றபடியே வேலை பார்த்தாள். ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் தேடியவர்கள் அவள் கையெழுத்தைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு மீன்வெட்டு நின்றது. அதற்குப் பிறகு யார் தாளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாலும், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ராக்கேராதான். ஆங்கிலமும் அப்படியே படிந்துவிட்டது. புருஷன் பௌரோ சரக்குக் கப்பலில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து மீன் பிடித்து, தூங்கி, மறுபடி போய்விடுவான். ஒரே பெண், டீரா. ஆறு வயது.

எங்கள் சந்தில் அறுபத்திரண்டு வீடு. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் நாங்கள் டப்பா மீன் மாதிரி நெருக்கியடித்து இருக்கிறோம். குடிக்கவே நல்ல தண்ணீர் போதாத இடத்தில் கழிப்பறைக்கு யார் ஊற்றுவார்கள்? ஐந்து வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்தது. கடல்நீரைப் பம்ப் வைத்து இழுத்து, குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறைக்கும் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று பன்றி அடித்தோம், ஆடினோம். ஒன்றரை வருடம் ராஜாபோல ஓடியது. பிறகு ஒருநாள் பம்ப் இருமியது, நின்றது. சொல்லாத இடமில்லை. "வர்றோம்" என்றார்கள். அந்த "வர்றோம்" மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

முடிந்தவர்கள் கடலிலிருந்து வாளியில் தூக்கி ஊற்றினோம். முடியாதவர்கள் பழையபடி காயற்கரைக்குப் போனார்கள். அதே காயலில்தான் எங்கள் பிள்ளைகள் நாள் முழுக்க முங்கிக் கிடக்கும். டீராவுக்கு ரத்தபேதி வந்தது. மறுபடி வந்தது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிப் போனேன். அந்தக் குழந்தையின் தோளெலும்பு என் கழுத்தில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது. நான் சொல்லப்போகும் வாரத்தில் அவள் மூன்றாம் முறையாக அங்கே கிடந்தாள். ராக்கேராவின் தங்கை துணைக்கு இருந்தாள்.

அந்த வாரம்தான் மோரீன் வந்தாள். ஆஸ்திரேலியக்காரி, அறுபதை ஒட்டிய வயது, பெரிய தொப்பி, பொறுமையான கண்கள். திட்டத்துக்குக் கொட்டிய பணத்துக்குப் பலன் உண்டா என்று மதிப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. வழக்கம்போல வீடு வீடாகக் கேட்க ராக்கேராவை அமர்த்தினாள். ராக்கேரா முதல் நாளே என்னிடம் வந்து சொன்னாள்.

"தேபோரா, நல்லா ஓடுதுன்னு எழுதிட்டா இத்தோட ஃபைலை மூடிடுவாங்களாம். ஓடலேன்னு எழுதினாத்தான் ரிப்பேருக்குப் பணம் வரும். இந்தத் தாள்ல உண்மை ஏறலேன்னா அந்தப் பம்ப்பை இனிமே ஒரு நாயும் திரும்பிப் பாக்காது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சந்தின் பெரியவர் உரியாம் ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார்: விருந்தாளி வருகிறாள், யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் அப்படித்தான். கொடுத்தவனிடமே போய், கொடுத்தது சொத்தை என்று சொல்வதைவிட எங்களுக்குச் செத்துப்போவது மேல். என் வீட்டுக்கு ராக்கேரா தாளோடு வந்தபோது நானும் லேசுப்பட்டவளாக இல்லை.

"கழிப்பறைத் திட்டம் திருப்தியா?" என்று கேட்டாள்.

புருவத்தை உயர்த்தினேன். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

"காலையில நீ வாளியைத் தூக்கிட்டு மூச்சு வாங்கிட்டு வந்ததை நான் பாத்தேன்."

"பாத்தா என்ன? அந்தம்மா கடல் தாண்டி வந்திருக்கு. மூஞ்சிக்கு நேரா உன் பம்ப் செத்துப்போச்சுன்னா சொல்லுவேன்?"

"அது அவ பம்ப் இல்ல."

"குடுத்தவங்க அனுப்பின ஆளுதானே? எழுதுடி, திருப்தின்னு."

எழுதினாள். நான் சொன்னதை எழுதாமல் வேறு எழுதினால் அதுவும் பொய்யாகிவிடுமே. இரண்டு நாளில் முப்பத்தைந்து வீடு முடிந்தது. முப்பத்தைந்தும் திருப்தி. சாயங்காலம் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒவ்வொரு தடவை திருப்தின்னு எழுதறப்பவும், என் பொண்ணு வாயில அந்தக் காயல் தண்ணியை நானே ஊத்தற மாதிரி இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் போய் மாற்றி எழுது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலை மறுபடி என் வீட்டுக்கு வந்தாள். தாளைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பதநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சும்மா கேட்பதுபோல, "நேத்து எத்தனை வாளி தூக்கினே?" என்றாள்.

"ஒன்பது."

"அந்த இடுப்பை வெச்சிக்கிட்டா?"

"பின்னே? எதிர்வீட்டுக்காரி எனக்குப் பத்து வயசு சின்னவ, அவ தூக்கறது ஆறுதான். கேட்டுப் பாரு."

தாளைப் பிரித்து ஓரத்தில் பென்சிலால் 9 என்று எழுதிக்கொண்டு எழுந்து போனாள். எதிர்வீட்டில் அவள் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குறை சொல்வதுதான் எங்களுக்கு வெட்கம். உழைத்ததைச் சொல்ல என்ன வெட்கம்? வாளிக் கணக்கு என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் போட்டி போட்டுக்கொண்டு பீற்றினார்கள். அடிப்பாவி, ஆலையில் மீன் வெட்டினவளுக்கு எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூடத்தில் விருந்து. மோரீன் எல்லோர் முன்னாலும் முடிவைக் கேட்டுவிட்டு மறுநாள் விமானம் ஏறவேண்டும். விடிந்ததும் உரியாம் ஆட்களைக் கூப்பிட்டார். கூடத்துக் கழிப்பறையின் தொட்டி காய்ந்து கிடந்தது. விருந்தாளி உள்ளே போய்ச் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் வராவிட்டால் மானம் என்னாவது? வரிசையாக நின்று கடலிலிருந்து தூக்கி நிரப்பினோம். நானும்தான் நாலு வாளி ஊற்றினேன். மோரீன் வந்தாள், போனாள், இழுத்தாள், தண்ணீர் இரைந்து ஓடியது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். எங்கள் அத்தனை முகமும் மலர்ந்தது. அத்தனை பேரும் முட்டாள்கள். ராக்கேரா முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

சூரைமீனும் சீமைப்பலாவும் சேம்பும் சாப்பிட்டு முடித்து, தாழம்பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். ராக்கேரா தாள்களை எடுத்து இரண்டு மொழியிலும் வாசித்தாள். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டும் திருப்தி. எல்லோரும் கைதட்டினோம். மோரீன் தட்டவில்லை. தாள்களை வாங்கிப் புரட்டினாள். ஓரத்தில் பென்சிலில் இருப்பது என்ன என்று கேட்டாள்.

ராக்கேரா அந்தக் கேள்வியை எங்கள் மொழியில் சொல்லிவிட்டு, உரியாமைப் பார்த்தாள்.

"என்ன சொல்லட்டும், பெரியவரே?"

"என்ன எண்ணு அது?"

"ஒரே நாள்ல அவங்கவங்க தூக்கின கடல்தண்ணி. மொத்தம் நானூத்திப் பன்னெண்டு வாளி."

ராக்கேராவை எழுந்து வெளியே போ என்று உரியாம் சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் சொன்னால் போயே ஆகவேண்டும்.

"என் வீட்டுக்கு எத்தனை போட்டிருக்கே?"

"பதினொண்ணு."

உரியாம் தன் கைகளைப் பார்த்தார். எழுபத்துமூன்று வயது.

"தப்பு. பதினாலு. அன்னிக்குச் சாயங்காலம் நான் மூணு தூக்கினேன். அதை யாரும் உனக்குச் சொல்லல."

உடனே பின்னாலிருந்து ஒருத்தி, "என்னுது ஏழு இல்ல, பத்து" என்றாள். "எங்க வீட்டுல கிழவி தூக்கினதை விட்டுட்டே" என்றான் ஒருவன். நான் விடுவேனா? காலையில் இந்தக் கூடத்துத் தொட்டிக்கே நாலு வாளி தூக்கியதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ராக்கேரா ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தாள். மோரீன் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு தாளை உருவினாள். இந்த வீட்டில் மட்டும் ஓரத்தில் எண் இல்லை. திருப்தி என்று இருக்கிறது. இந்த வருடம் யாருக்காவது வயிற்றுநோய் வந்ததா என்ற இடத்தில் இல்லை என்று இருக்கிறது. இது யார் வீடு என்று கேட்டாள்.

ராக்கேரா அதையும் எங்கள் மொழியில் சொல்லிவிட்டு, பதிலையும் எங்கள் மொழியிலேயே சொன்னாள். "அது என் வீடு."

இவளா இப்படி எழுதினாள்? ரொட்டியின் வயதைக்கூட மறைக்கத் தெரியாதவள்.

"உன் பொண்ணு இன்னிக்கும் ஆஸ்பத்திரியில கிடக்கா. இல்லைன்னா எழுதினே?" என்றார் உரியாம்.

"விருந்தாளி கையில குடுக்கற தாள், பெரியவரே. அதுல என் வீட்டுக் குறையை எப்படி எழுதுவேன்? எல்லார் வீட்டுதையும் எழுதிடலாம்னு நினைச்சேன். என் வீட்டுக்கு வந்ததும் கை வரல."

உரியாம் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மாகிட்ட சொல்லு. அந்தத் தாள் பொய். எழுதினது அவ, எழுத வெச்சது நான்."

அதை அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை. வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. கடைசியில் என் கடை ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். "பேப்பர் பொய். குழந்தை நோவு. மூன்று தரம். தண்ணீரால்."

மோரீன் தன் பேனாவை ராக்கேராவிடம் நீட்டினாள். ராக்கேரா "இல்லை" என்பதை அடித்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் அழகான கையெழுத்தில் மெதுவாக எழுதினாள்: டீரா, ஆறு வயது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.