சாப்பாடு ஒன்றுதானே என்றவர்களுக்கு

கப்பலுக்குப் போய் நான் சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. போட்டேன்தான். இல்லையென்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்காரர் விவசாயி. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். இவர் சொந்த வயலில் நாற்று விடுகிறார். மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். சம்பா அறுத்து முடித்து, வயலில் உளுந்து முளைத்துக் கிடந்த மாசி மாதத்தில் மகன் எங்களை அங்கே அழைத்துக்கொண்டான். நான்கு நாள் கப்பல் பயணம், எல்லா ஏற்பாடும் அவனே செய்திருந்தான்.

கப்பலில் சாப்பிட இரண்டு இடம். மேல்தளத்தில் பஃபே. தட்டை எடுத்துக்கொண்டு போய் வேண்டியதை நாமே போட்டுக்கொள்ளலாம். கீழே ஐந்தாவது தளத்தில் பெரிய சாப்பாட்டு மண்டபம். அங்கே மேசை விரிப்பு, மெழுகுவர்த்தி மாதிரி விளக்கு, நாம் உட்கார, ஒருவர் கொண்டுவந்து பரிமாறுவார். ஏறிய அன்று மத்தியானம் மகன் இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோதே நான் முடிவு செய்துவிட்டேன்.

"ராத்திரிச் சாப்பாடு நாலு நாளும் கீழதான்" என்றேன்.

"அங்க ரொம்ப நேரம் ஆகும்மா" என்றான்.

"ஆவட்டும். நமக்கென்ன இங்க மாடு கத்துதா?"

மாலையில் எல்லோரும் கிளம்பினோம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டார். ஊரிலிருந்து இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியின் மேலாக வைத்துக் கொண்டுவந்தது. கலெக்டர் ஆபீசுக்கும் பேங்குக்கும் பெண் கேட்கவும் போன வேட்டி வரிசையில் அது ஒன்று.

மண்டபத்து வாசலில் நின்ற ஊழியர் என்னையும் மகனையும் மருமகளையும் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரரைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். இந்த உடையில் உள்ளே விட முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். நீச்சல் குளத்திலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ.

இவருக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் நீட்டிய கை எந்த மொழியில் இருந்தாலும் புரியும். சட்டென்று ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"விடு புள்ள. ரூமுல பேண்ட்டு இருக்கு. மாட்டிக்கிட்டு வந்துர்றேன்."

"மாட்ட வேணாம். இங்கயே நில்லுங்க."

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. மகன் என் காதருகே குனிந்தான். "அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா. மேல பஃபேக்குப் போயிடலாம். அதே கிச்சன், அதே ஐட்டம். சாப்பாடு ஒண்ணுதானேம்மா."

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. அப்பா வேலை செய்த மிராசு வீட்டில் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல். பந்தலுக்குள் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். எங்களை மாட்டுக்கொட்டகைக்குப் பின்பக்கமாக வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அலுமினியக் குண்டான் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தில் நின்று நின்று கால் கடுத்துப்போய், நாமும் அந்தப் பாயில் உட்காரலாமே என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சோறு போட்டுக்கொண்டிருந்த பண்ணைக் காரியக்காரருக்குக் கோபமே வரவில்லை. சிரித்தபடி, "பந்தியில போட்ட அதே சோறு, அதே சாம்பார்தான் புள்ள. சாப்பாடு ஒண்ணுதானே, எங்க குந்தித் தின்னா என்ன?" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தின்றோம். சாம்பாரும் பாயசமும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது. அப்படியும் ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதனால் கப்பலில் நான் நகரவில்லை. அந்த ஊழியரிடம், வேட்டி கூடாது என்று எழுதியிருக்கிற விதியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அறையில் வைத்திருந்த அட்டையை நான் மத்தியானமே ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். அரைக்கால் சட்டை கூடாது, நீச்சல் உடை கூடாது, ரப்பர் செருப்பு கூடாது. அவ்வளவுதான். இவர் காலில் தோல் செருப்பு. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மறைக்கிற உடை. எந்த விதியை மீறினார் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு இயல்பாகவே உண்டு, அதற்கு நான் என்ன செய்ய?

மேலாளரைக் கூப்பிடுகிறேன், அதுவரை தள்ளி நில்லுங்கள் என்றார். தள்ளி நிற்க மாட்டேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றான். மருமகள் வந்து மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டாள். அதை நான் மறக்க மாட்டேன்.

கால் மணி நேரம் கழித்து வந்த மேலாளர் நரைத்த தலையுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவரை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இது உங்கள் நாட்டு உடையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டு, அவரே முன்னால் நடந்து அழைத்துக்கொண்டு போனார். மேசை மட்டும் சமையலறைக் கதவையொட்டிக் கிடைத்தது. மறுநாள் ஜன்னலோர மேசை கொடுத்தார். இரண்டிலும் உட்கார்ந்தேன். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பெருந்தன்மை காட்டுகிற ஆசை எனக்கு இல்லை.

நாலு நாளும் எங்களுக்குப் பரிமாறியவர் ஒரு இந்தோனேசியாக்காரர், நாற்பது வயதிருக்கும். மெனுவைப் படித்து நான் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்ல, அவர் பொறுமையாகக் காத்திருந்தார். முதலில் சூப். அது முடிந்து, தட்டெடுத்து, மேசையைத் துடைத்து, வெகுநேரம் கழித்து இரண்டு இலை கீரையும் தக்காளியும். அது போன பிறகு இன்னொரு காத்திருப்பு.

"நம்ம பந்தியில இலை போட்டா, தண்ணி தெளிக்கிறதுக்குள்ள கூட்டு வந்துரும்" என்றார் இவர். "இங்க ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல குறுவையே அறுத்துடலாம் போலருக்கே."

மகன்கூட அப்போது சிரித்துவிட்டான்.

மீனுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த மாதிரி கொஞ்சம் சோறு வந்தது. நெல் விளைகிற ஊர்க்காரருக்கு அது மோருக்குக்கூடக் காணாது. இன்னும் சோறு வேண்டும் என்று கேட்டேன். கொண்டுவந்தார். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை பெரிய பாத்திரத்தோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். முள்கரண்டியையும் கத்தியையும் ஒதுக்கிவிட்டு நானும் இவரும் கையால் பிசைந்து சாப்பிட்டோம். மறுநாளிலிருந்து நாங்கள் கேட்காமலே சோற்றுப் பாத்திரமும், கை கழுவ ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் வந்தன.

இரண்டாம் நாள் பக்கத்து மேசையில் ஒரு கணவன் மனைவி. எங்கள் தமிழைக் கேட்டு அந்த அம்மாள் சந்தோஷமாகத் திரும்பினார். அவர்களுக்குக் கும்பகோணம் பக்கமாம்.

"நீங்க எந்த ஊருங்க?"

"ஒரத்தநாட்டுப் பக்கம்."

"ஒரத்தநாட்டுல எங்கிட்டு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க எங்களுக்கு ஒறவுக்காரங்க இருக்காங்களே. நீங்க எந்தத் தெரு?"

வாசலில் கை நீட்டியவருக்கு வேட்டி தெரியாது. இவர்களுக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. அதற்குத்தான் இந்தக் கேள்வி. எத்தனையோ ஊழியர்கள் அந்தக் கப்பலில் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், படுக்கை விரித்தார்கள். ஒருவரும் தெரு கேட்கவில்லை.

"கடைசித் தெருங்க" என்றேன். "ஊர்ல மழை பெஞ்சா மொதல்ல தண்ணி நிக்குமே, அந்தத் தெரு. எங்கப்பாவும் இவங்கப்பாவும் உங்க ஒறவுக்காரங்க வயல்லகூட வேலை பாத்திருப்பாங்க. மீன் நல்லாருக்கு, சாப்புடுங்க."

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுத் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அந்த மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். பஃபேக்குப் போயிருப்பார்கள். நல்ல சாப்பாடுதான் அங்கேயும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். பஃபேயைப் பார்க்காமலே நான் பழித்ததாக யாரும் சொல்லக்கூடாது. ஒரு மத்தியானம் மருமகளோடு போனேன். கேட்பார் இல்லை, தடுப்பார் இல்லை. நைட்டியோடு போனாலும் விடுவார்கள். பிரியாணி என்று ஒன்றும், அதற்குப் பக்கத்தில் பதினாறு வகை ரொட்டியும் இருந்தன. வேகமாகச் சாப்பிடலாம், வேண்டாததை விடலாம். ஆனால் தட்டில் மலையாகக் குவித்து, பாதியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோனவர்களைப் பார்த்து வயிறு எரிந்தது. அவரவர் எடுத்து அவரவர் தின்பதில் தப்பே இல்லை. எனக்கு அது போதவில்லை. நான் உட்கார்ந்திருக்க, என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டு, ஒருவர் என் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் அந்த ஆசையை ஆசை என்று ஒப்புக்கொள்ள நான் வெட்கப்படவில்லை.

மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான். "அன்னிக்கு ஏம்மா அவ்ளோ பிடிவாதம்? பேண்ட்டு மாத்துனா முடிஞ்சிருக்கும்ல?"

மாட்டுக்கொட்டகையையும் குண்டானையும் காரியக்காரர் சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீ கூனிக் குறுகி வளரக் கூடாதுன்னுதான்டா."

"நான்தான் சுவரோரமா ஒதுங்கி நின்னேனேம்மா" என்றான். "இவதான் அப்பா பக்கத்துல நின்னா."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் இல்லையென்று சொல்லி நான் சமாதானப்படுத்தவில்லை.

எனக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. பரிமாறியவர் ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிரும்போது கையை இடுப்பில் வைத்துக்கொள்வார். நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று மூன்றாம் நாள் கேட்டேன். எல்லோரும் எழுந்த பிறகு, கீழே ஊழியர்களுக்குத் தனி மெஸ் என்றார். இதே சாப்பாடா என்றேன். இல்லை, வேறு என்றார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து நிமிடம் உட்காருங்கள், எங்களோடு ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வேலை போய்விடும், அம்மா" என்றார். 'அம்மா' என்பதை மட்டும் மகனிடமிருந்து கற்றுக்கொண்டு தமிழில் சொன்னார்.

அந்தச் சோறு எனக்கு லேசாக இறங்கவில்லை. அதற்காக மறுநாள் நான் பஃபேக்குப் போய்விடவில்லை. நான் எழுந்து போவதால் அவர் உட்கார்ந்துவிடப் போவதில்லை. கடைசி நாளும் அதே மேசையில், அதே வேட்டியும் வேறு பட்டுமாக உட்கார்ந்து, இனிப்புவரை இருந்து சாப்பிட்டோம். மகன் அன்று வேட்டி கேட்டான். இவரிடம் இருந்த இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பைப் பிடித்தபடியே நடந்து வந்தான்.

இறங்குவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். சாப்பாடு எப்படி, உபசரிப்பு எப்படி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். கீழே கருத்து எழுத மூன்று கோடு. மூன்று கோட்டில் எனக்கு முகவரிகூட எழுதி முடியாது. பின்பக்கம் திருப்பினேன். வேட்டி என்பது என்ன என்று எழுதினேன். அதை உங்கள் அட்டையில் அனுமதிக்கப்பட்ட உடைகளில் சேருங்கள் என்று எழுதினேன். எங்களுக்குப் பரிமாறியவரைப் போல ஒருவரை எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். அவர் சாப்பிடுவது ஏன் வேறு சாப்பாடு என்று கேட்டு எழுதினேன். காகிதம் முடிந்துவிட்டது.

"அம்மா, இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" என்றான் மகன்.

"படிக்கிறதும் படிக்காததும் அவங்க பாடு. எழுத வேண்டியது எம்பாடு. இன்னொரு பேப்பர் வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வந்தான்.