வெள்ளை மைக்கு அடியில் அமா

மூடியைத் திருகியதும் நகப்பூச்சுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் ஏதோ ஒரு நெடி அடிக்கும். இன்றும் எந்தக் கடையிலாவது அந்த நெடி வந்தால் என் கை தானாகப் பின்னுக்குப் போகிறது. பிழையாக எழுதியதை மறைக்கும் அந்த வெள்ளை மையை இத்தாலியின் பலெர்மோவில் 'பியாங்கெத்தோ' என்போம். அந்த நகரின் கால்சாப் பகுதியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அதை வைத்திருக்க அனுமதி பெற்றவள் நான் ஒருத்திதான். நூலகப் புத்தகம், சுற்றுலா இருக்கை, சாப்பாட்டு மேசை என்று எல்லாப் பட்டியலும் என் கையெழுத்தில் இருந்ததால் பையன்கள் என்னை 'நொத்தாயோ' என்று கேலி செய்வார்கள். பத்திரம் எழுதி உறுதிப்படுத்துபவர்; ஈழத்தில் நம்மவர்கள் நொத்தாரிசு என்பது அவரைத்தான். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

அந்த வசந்தத்தில் ஆசிரியை தானே எழுதிய நீதிமன்ற நாடகம் ஒன்றைப் போட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேலைக்காரி ஒருத்தி செய்யாத திருட்டுக்காகக் கூண்டில் நிற்கிறாள். ஒரு சாட்சி பயப்படாமல் உண்மை சொல்கிறாள். நீதிபதி விடுதலை செய்கிறார். வேடங்களுக்குச் சீட்டுக் குலுக்கினோம். எடுத்தவர்கள் என்னிடம் மட்டும் காட்ட, நான் எழுதிக்கொண்டேன். என் பக்கத்தில் இருக்கும் அமாவுக்கு, கானாக்காரர்களின் மகளுக்கு, நீதிபதி, எனக்குச் சாட்சி, ஜூலியா என்ற இத்தாலியப் பிள்ளைக்குக் கூண்டு. பல்லரோச் சந்தையில் கடை வைத்திருந்த அமாவின் அம்மா அன்று மாலையே கறுப்புத் துணி வாங்கி அங்கி தைக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். "அமா கூண்டில் நின்றால்தான் பார்க்க நிஜமாக இருக்கும், தெசோரோ, என் செல்லமே. ஜூலியா நீதிபதியாகட்டும். மாற்றி எழுது." இரண்டு பெயர்களின் மேலும் வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, மாற்றி எழுதினேன்.

என் அம்மா அப்போது லிபெர்த்தா வீதியில் அந்த ஆசிரியையின் வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நாங்கள் இங்கே தங்குவதற்கான 'பெர்மெஸ்ஸோ'வைப் புதுப்பிக்க ஆசிரியை தரும் வேலைக் கடிதம் வேண்டும்.

"ஆரும் கேட்டால் உன்ரை பிழை எண்டு சொல்லு," என்றார் நடந்ததைக் கேட்ட அம்மா.

"அது பொய்யெல்லோ?"

"ஓம், பொய்தான். உண்மை கதைச்சவை கன பேரை நான் வன்னியிலை பாத்திட்டன். போய்ப் படி."

அமாவின் அம்மா தைத்து முடித்த அங்கியோடு பள்ளிக்கு வந்தார். தன் மகள் எடுத்தது நீதிபதிச் சீட்டு என்றார். ஆசிரியை பட்டியலை விரித்துவைத்தார். அந்த அம்மா தடித்த வெள்ளையில் நகத்தை வைத்து, "இதற்கு அடியில் என்ன?" என்று கேட்க, ஆசிரியை என்னைப் பார்த்தார்.

"நான்தான் முதலில் பிழையாக எழுதிவிட்டேன். அமா எடுத்தது கூண்டுச் சீட்டு."

ஆசிரியை சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருக்கமாட்டார். சொன்னவள் தங்களைப் போலவே கறுத்த பிள்ளை, மகளின் சிநேகிதி என்பதால் நம்பினார். அமாவின் பக்கம் திரும்பி, "மன்னிப்புக் கேள்," என்றார். அமா என்னைப் பார்த்தபடியே ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டாள். தைத்தது வீணாகக் கூடாதென்று அங்கியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாடகத்தன்று அந்த அங்கியை ஜூலியா போட்டிருந்தாள். தோளில் கொஞ்சம் பெரிது. நான் வலது கையை உயர்த்தி உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். கூண்டில் அமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், கடைசி வரிசையில் என் அம்மாவும். கடிதம் கிடைத்தது. அமா அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரவில்லை.

இப்போது நான் ஆவணங்களைப் பாதுகாக்கும் மென்பொருள் எழுதுகிறேன். எதைத் திருத்தினாலும் பழைய பதிவு, திருத்தியவர், நேரம் மூன்றும் அதில் நிற்கும். யார் சொல்லித் திருத்தினார் என்று நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள். பள்ளிக்கூடம் சுற்றுலாப் பயணிகளின் விடுதியாகிவிட்டது. பல்லரோக் கடை இருந்த இடத்தில் கைபேசி உறைகள் விற்கிறார்கள்; அந்தக் குடும்பம் வடக்கே போய்விட்டது என்பதற்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவைப் பொறுத்தவரை, அன்று பொய் சொன்னவள் இன்னும் அமாதான்.