மக்ரூனுக்கு வீடு பார்க்க வந்தவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பெண்மணி எங்கள் வீட்டுக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

திருட வந்தவர் இல்லை. கேட் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வந்தவர்!

பெயர் ரோஸ்லின். திரேஸ்புரத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வாரநாட்களில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டாக்குமெண்ட் பார்க்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் நாய்கள். உப்பளத்து ரோட்டோரம் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து, தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து, அடிபட்ட தெருநாய்களைப் பராமரிக்கிறார். குணமானதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார்.

அந்த ‘நல்ல வீடாகப் பார்த்து’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என் மனைவி சாந்திதான் வாட்ஸப்பில் அந்தப் போட்டோவைப் பார்த்தது. வெளிர் நிறத்தில் ஒரு பெண் நாய். மூன்று வயது. துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்று கொஞ்சம் இழுக்கும். பெயர் மக்ரூன். எங்கள் ஊர் பேக்கரியில் முந்திரி போட்டுச் செய்கிற மக்ரூன் இனிப்பின் அதே நிறம்... வேறென்ன பெயர் வைப்பார்கள்?

நேரில் போய்ப் பார்த்தோம். சாந்தியின் புடவையை முகர்ந்துவிட்டு அவள் காலடியிலேயே படுத்துவிட்டது. முடிந்தது கதை.

அப்படித்தான் நினைத்தேன். கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு சங்கிலிகூட வாங்கி வைத்திருந்தேன். ரோஸ்லின் சங்கிலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மொதல்ல இத ஃபில் பண்ணுங்க ஸார். அப்புறம் நான் வீட்டுக்கு வாரேன்” என்று நான்கு பக்க ஃபாரம் ஒன்றைக் கொடுத்தார்.

நாய்க்கு நான்கு பக்கமா? என் கல்யாணத்துக்கே பெண் வீட்டார் இவ்வளவு விசாரிக்கவில்லை!

நாங்கள் நிரப்பிக் கொடுத்த அந்த ஃபாரத்தைச் சரிபார்க்கத்தான் ஞாயிறு காலை வந்து கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழ்க் கம்பி உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. பத்து வருடமாக அந்த கேட்டைத் திறந்து மூடுகிற என் கண்ணில் அது பட்டதே இல்லை. “இதுல தலைய விட்டா வெளிய போயிரும் ஸார்” என்றார். அடுத்து கொல்லைப்புறம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. குறித்துக்கொண்டார். அடுத்து சமையலறை. குனிந்து, சிங்க்குக்கு அடியில் மொபைல் லைட்டை அடித்தார். எலி மருந்து கேக் ஒன்று கிடந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கேள்விகள் ஆரம்பமாயின.

“ஸாருக்கு என்ன வயசு?”

“அறுபத்திரண்டு.”

“அதுக்கு மூணு. நல்லா பாத்தா இன்னும் பத்து, பன்னெண்டு வருசம் இருக்கும். தப்பா நெனைக்காதிய... உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா இத யாரு பாத்துக்கிடுவா?”

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்கூட இதைச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார். சாந்தி சிரித்துக்கொண்டே ஆறுமுகநேரியில் இருக்கும் தன் தங்கையின் பெயரைச் சொன்னாள். ரோஸ்லின் அங்கேயே, அப்போதே அந்தத் தங்கைக்குப் போன் போட்டு, “நெசமாவே பாத்துக்கிடுவியளா அக்கா?” என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் பக்கத்தைத் திருப்பினார்.

மூன்றாம் பக்கம்.

‘இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா? அது என்னவாயிற்று?’ — இது கேள்வி. ‘உண்டு. வயதாகி இறந்துவிட்டது.’ — இது நான் எழுதியிருந்த பதில்.

“என்ன நோவு ஸார் அதுக்கு? எந்த டாக்டர்ட்ட காட்டுனிய?”

“அது வந்து... வயசுதான். அப்பல்லாம் டாக்டர்...”

சாந்தி காபி டம்ளரை மேசை மேல் வைத்தாள். சத்தம் கேட்கிற மாதிரி.

“அது சாகலம்மா. கொண்டு விட்டுட்டு வந்துட்டோம்.”

பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் பேசாத பேச்சு அது.

எங்களிடம் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. இந்த வீட்டை இடித்துக் கட்டிய நேரத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டுக்குப் போனோம். நாய் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். உப்பளம் வைத்திருந்த நண்பன் ஒருவனிடம் கொண்டுபோய் விட்டேன். வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்றான். வீடு முடிந்ததும் கூட்டி வந்துவிடலாம் என்று நான்தான் சாந்தியிடம் சொன்னேன். இருபது நாளில் போன் வந்தது. “ஏலே, அது எங்கிட்டோ போயிட்டுடா.” நான் ஒரே ஒரு நாள் போய்த் தேடினேன். பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. யாராவது நல்லவர்கள் எடுத்து வளர்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரோஸ்லின் ஃபைலை மூடினார்.

“இப்ப குடுக்க முடியாது ஸார்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் கோபம். “ரோட்டுல கிடந்த நாய்தானம்மா? இந்த ஊர்ல ஆயிரம் நாய் கிடக்கு. வளக்க ஆளில்ல. வளக்கேன்னு வந்தவனை இப்படி நிக்க வச்சுக் கேக்கியளே?”

சொல்லி முடிப்பதற்குள் சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோஸ்லின் குரலை உயர்த்தவே இல்லை.

“ஆமா ஸார். ரோட்டுல கெடந்துதான் வந்துச்சு. திரும்ப ரோட்டுக்குப் போயிரக் கூடாதுன்னுதான் கேக்கேன். நீங்க டைகர விட்டதுக்காக நான் மாட்டேன்னு சொல்லல. எல்லாருக்கும் ஒரு கஷ்டம் வரும். அத மறச்சிய பாத்தியளா... நாளைக்கு இதுக்கு ஒண்ணுன்னாலும் எங்கிட்ட மறைப்பிய. அதுதான் பயமா இருக்கு.”

கிளம்பிவிட்டார். காபி அப்படியே இருந்தது.

மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். சாந்தி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நான்காம் நாள் உட்கார்ந்து, டைகரைப் பற்றி நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதினேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு பக்கம் எம்மாத்திரம்? அரை நாள் ஆனது.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். ரோஸ்லின் ஆபீஸ் சுடிதாரோடு தரையில் உட்கார்ந்து ஒரு கிழட்டு நாயின் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே படித்தார். இரண்டு தடவை.

“பதினஞ்சு நாள் சாயங்காலம் இங்கன வாங்க ஸார். அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அதுவும் உங்களப் பாக்கட்டும்.”

போனோம். பதினைந்து நாளும் போனோம். சாந்தி சோறும் கோழியும் வேகவைத்தாள். நான் சிமெண்ட் தரையைக் கழுவினேன். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

ஆனால் அங்கே நான் பார்த்தது...

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஃபைல். எங்கே கிடைத்தது, என்ன அடி, என்ன ஊசி, எதற்குப் பயப்படும். மக்ரூனின் ஃபைலில், ‘லாரி ஹாரன் கேட்டால் நடுங்கும். அதன் காது ரெண்டையும் பொத்திக்கொண்டு பேசினால் போதும்’ என்று எழுதியிருந்தது. கொடுத்து அனுப்பிய நாய்களின் ஃபைல்களும் தனியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வீட்டு கேட், மொட்டைமாடி, நாய் படுக்கும் இடம், எல்லாவற்றுக்கும் போட்டோ. ஒரு கப்பல் சரக்குக்குக்கூட இவ்வளவு பேப்பர் இருக்குமா என்று தெரியவில்லை.

“எல்லார்ட்டயும் இப்படித்தான் கேப்பியளாம்மா?” என்றேன் ஒருநாள்.

காது வலியோடு இருந்த அந்தக் கிழட்டு நாயைக் காட்டினார்.

“இவன்தான் ஸார் நான் மொதல்ல குடுத்த நாய். அப்பல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டவங்களுக்குத் தூக்கிக் குடுத்துருவேன். நல்ல படிச்ச குடும்பம். பெரிய வீடு. நாலு மாசம் கழிச்சு அந்தப் பக்கமா போனவ சும்மா எட்டிப் பாத்தேன். மொட்டமாடில, சித்திரை வெயில்ல, ரெண்டடி சங்கிலில கட்டிக் கெடக்கான். தண்ணிச் சட்டி காஞ்சு கெடக்கு. என்னப் பாத்து வால ஆட்டுதான் ஸார். கோவப்படக்கூட அவனுக்குத் தெரியல.”

குனிந்து அவன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “அவனால பேச முடிஞ்சா அவனே கேட்டிருப்பான்லா, அந்த வீட்டுக்காரங்கள்ட்ட. அவனால முடியாது. அதான் நான் கேக்கேன்.”

நானும் எத்தனையோ சேவை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுப்பதோடு முடித்துக்கொள்கிறவர்களே அதிகம். கொடுத்த பிறகும் அது என்னவாயிற்று என்று போய்ப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி, அதற்கு ஏச்சும் வாங்கிக்கொண்டு, சிரிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்தார். கேட்டுக்குக் கீழே புதுக் கம்பி. தொட்டிக்கு மூடி. எலி மருந்து போன இடம் தெரியவில்லை. பரீட்சை பேப்பர் திருத்துகிற டீச்சருக்குப் பின்னால் நிற்கிற பையன் மாதிரி அவர் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம். ‘எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் வேறு யாரிடமும் கொடுக்காமல், எங்களிடமே திருப்பித் தருவோம்.’ கையெழுத்துப் போட்டோம்.

மக்ரூன் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில். மூன்றாம் நாள் சாப்பிட்டது. பத்தாம் நாள் ஒரு லாரி பெரிதாக ஹாரன் அடித்தபோது, ஓடி வந்து என் முழங்கால்களுக்கு இடையில் தலையை நுழைத்துக்கொண்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் மன்னிப்புதான்.

போன சனிக்கிழமை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் அண்ணாச்சி கடை ஓரமாக ஒரு ஸ்கூட்டர். பக்கத்தில் ரோஸ்லின். எங்கள் முற்றத்தில் சாந்தி துணி காயப்போட, ஒவ்வொரு துணியையும் இழுத்துக்கொண்டு மக்ரூன் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

“மேல வாங்கம்மா!” என்று கூப்பிட வாயெடுத்தேன். என்னைப் பார்த்துவிட்டார். உதட்டில் விரலை வைத்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். முனையில் திரும்பிய பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் மெசேஜ் வந்தது: ‘என் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும் ஸார். கேட்டா என்கூட வரணும்னு ஓடி வருவா. அவளுக்கு இனி உங்க வீடுதான் வீடு.’

என்ன பதில் போடுவது? வாராவாரம் உங்களிடம் இத்தனை வார்த்தை கொட்டுகிறவன், கடைசியில் ஒரு கட்டைவிரல் பொம்மையைத்தான் அனுப்பினேன்.