மிச்ச மருந்து

எனக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது. எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே அது தெரிந்துவிடும். பையனுக்குத் தொண்டையில் புண் வந்தபோது சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார்கள். பொடியில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, ஏழு நாள் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து பிளாக்குக்கு ஓடினான். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று நிறுத்திவிட்டேன். பாதி பாட்டில் சட்னி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் மந்தாரக்குப்பத்திலிருந்து வருவாள். அவள் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. என் கணவர் பெர்மனென்ட். மருந்து எங்களுக்குச் சும்மா வரும், அவர்களுக்கு வராது. அன்று மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"காது வலிக்குதுன்னு அழுதுகினே இருக்குதுங்கக்கா. ஒடம்பும் சுடுது."

எனக்கு உடனே டாக்டர் பட்டம் வந்துவிட்டது. பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"மூணு வேளையும் ஒவ்வொரு மூடி குடு. என் பையனுக்கு இதுலதான் சரியாச்சு. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாத. சாரோட கம்பெனி மெடிக்கல் புக்குல வாங்குனது, வெளி ஆளுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா வம்பு."

அவள் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

நாலாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். குழந்தையின் காதில் சீழ் வடிகிறதாம், கண் திறக்காமல் கிடக்கிறதாம். ஸ்கூட்டியில் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா எடை பார்த்தார், காதைப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஆறிய பிறகுதான் எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்க முடியும் என்றார். பிறகு, "இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் குடுக்கலைங்க."

நானும் வாயைத் திறக்கவில்லை. சீட்டோடு மருந்துக் கடைவரை வந்துவிட்டோம். கடைக்காரர் எடுத்து வைத்தது அதே சிரப். சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தனியாக டாக்டரம்மாவிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார்.

"கலக்குன மருந்து ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ஒரு வாரந்தாம்மா. அப்புறம் அதை நம்ப முடியாது. அளவும் அந்தந்தக் குழந்தையோட எடைக்குத்தான். அரைகுறையா குடுத்தா கிருமி பிழைச்சுக்கிட்டு மருந்துக்கே பழகிடும். நீங்க சொல்லலைன்னா அதே மருந்தைக் குடுத்துட்டு ரெண்டு நாள் பார்ப்போம்னு இருந்திருப்பேன்."

சீட்டை வாங்கி மருந்தை மாற்றி எழுதினார்.

வெளியே வந்து அவளிடம், "வேற மருந்து எழுதியிருக்காங்க. காய்ச்சல் நின்னாலும் பத்து நாளும் விடாம குடுக்கணும்," என்று மட்டும் சொன்னேன். ஏன் மாற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

காது ஆற ஆறு வாரம் ஆனது. அதுவரை அவள் குழந்தையை அழைத்து வரும்போதெல்லாம், பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். சில நாள் திரும்பாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் சோதித்துவிட்டு, நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

மறுநாள் அவள் வேலை செய்கிற வீடுகளில் எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்: "அக்கா மட்டும் வண்டியில ஏத்திகினு போவலைன்னா எம் பொண்ணு செவிடாயிருக்கும்." எதிர் வீட்டம்மா வந்து என் கையைப் பிடித்து, "உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார். அவள் குழந்தையோடு பக்கத்தில் நின்று சிரித்தாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

இருவரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.