தினமும் நான் திருத்திய மணி

ஒரகடம் தொழிற்சாலையில் நாலு வருஷமாக நான் ஒப்பந்த ஆள். என் மரியாதை முழுக்க ஒரு கடிகாரத்தில்தான் இருந்தது. வாசலில் ஆட்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவு, ஒரு பெரிய சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினில் இருந்தது. கணினிக்குள் இன்னொரு கணினி. பெரியது வேலையில் திணறினால் உள்ளே இருப்பது நேரத்தைத் தவறவிட்டு, ஒரு நாளில் நாலு நிமிடம் பின்தங்கிவிடும். காலை ஷிப்டுக்கு முன் நான்தான் போய்க் கையால் திருத்துவேன்.

"நீ இல்லாங்காட்டி கேட்டே தொறக்காதுபா" என்பார் மேனேஜர். "பர்மனென்ட் போஸ்ட் ஒண்ணு வருது, உனக்குத்தான்." இதைக் கேட்கத்தானே வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன்!

அப்புறம் வந்தாள் அவள். திருநெல்வேலிப் பக்கம், ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல், அவளும் ஒப்பந்தம்தான். மூன்றாவது வாரமே, "யண்ணே, இதுக்கா தெனமும் வாரீய?" என்றாள். அந்த மெஷின் எதைப் பார்த்து நேரத்தை எண்ண வேண்டும் என்ற அமைப்பை மாற்றினாள். தொல்லை என்று என்றோ நான் அணைத்துப் போட்டிருந்த, மணியைத் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும் நேரச் சேவையை ஓடவிட்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், ஒரு விநாடி பிசகவில்லை.

மேனேஜர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? நாலு வருஷத்தில் எனக்கு ஒரு டீ உண்டா?

மறுநாள் மதியம் அவள் சாப்பிடப் போனதும், அவள் மாற்றிய இரண்டையும் பழையபடி மாற்றி வைத்தேன். அடுத்த காலையில் மணி பின்தங்கியது. "இன்னாபா, மறுபடியும் படுத்துக்கிச்சா?" என்று மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். திருத்தினேன். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அவள் உட்கார்ந்து மெஷினின் பதிவைத் திறந்தாள். யார் எப்போது எதை மாற்றினாலும் அது எழுதி வைக்கும். தினமும் அதில் நுழைகிற எனக்கு அது மறந்தே போயிருந்தது! என் பெயர், மதியம் ஒன்று இருபது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் திரையை மூடினாள். மேனேஜரிடம் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். சொல்லவில்லை. மறுபடி சரிசெய்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் பர்மனென்ட் அவளுக்கு வந்தது. லட்டு டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். வாயில் போட்டுக்கொண்டு வழக்கம்போல மெஷினில் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது.

"மாத்திட்டேண்ணே" என்றாள், எல்லார் முன்னாலும், சிரித்த முகமாக. "மணி எப்பவாது தப்பா காட்டுனா எங்கிட்ட சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்."